குறிஞ்சி ஏன் கவரில் நீலமாகிறது? காட்டுப்பூப் படங்களை பேக் கவர், பவர் பேங்க் மீது அச்சிடுவது பற்றி

கேள்வி இது: கொடைக்கானல், மூணாறு பக்கமும் சொந்த ஊர் வயல்வெளியிலும் எடுத்த காட்டுப்பூப் படங்களை மொபைல் பேக் கவர், பவர் பேங்க், பாப் சாக்கெட் (போன் முதுகில் ஒட்டும் வட்டப் பிடி) போன்றவற்றில் அச்சிட்டு விற்க ஒருவர் ஆசைப்படுகிறார். 2018-இல் எடுத்த குறிஞ்சிப் படத்தை ஊரிலுள்ள கடையில் கொடுத்துக் கவர் போட்டுப் பார்த்திருக்கிறார். திரையில் நல்ல ஊதாவாக இருந்த பூ, கவரில் சாயம்போன நீலமாக வந்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் "உங்க படமே அப்படித்தான்" என்கிறாராம். குறை படத்திலா, கடையிலா? கவருக்கு எந்தப் பூ எடுபடும்? பவர் பேங்க்கில் எப்படி அச்சிடுவது?

முதலில் ஊதாவை முடித்துவிடுவோம். அச்சு வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் ஊதா என்றால் முகம் சுளிப்பார்கள். திரை, நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் கூட்டி ஊதாவைக் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சியான் என்ற பச்சைநீல மையின் மேல் மஜெண்டா என்ற கருஞ்சிவப்பு மையை ஏற்றி அந்த நிறத்தைக் கொண்டுவரப் பார்க்கிறது. ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடும். மைமேல் மை ஏறினால் வெளிச்சம் குறையும். அதனால் திரையில் பளிச்சென்று தெரியும் ஊதாவை வழக்கமான நான்கு மைகளால் அதே பளிச்சோடு எட்டவே முடியாது. எட்டாத நிறம் வரும்போது மென்பொருள் அதைப் பக்கத்தில் எட்டக்கூடிய ஏதோ ஒரு நிறத்துக்குத் தள்ளிவிடும். எந்தப் பக்கம் தள்ளும் என்பது அந்தக் கடையின் மை, தாள், நிறக்கோப்பு (எந்த நிறம் அந்த இயந்திரத்தில் எப்படி வரும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) இவற்றைப் பொறுத்தது. ஒரு கடையில் மங்கிய நீலமாக வந்த அதே படம் அடுத்த தெருக் கடையில் கருஞ்சிவப்பாக வரலாம்.

கேமராவும் தன் பங்குக்கு விளையாடியிருக்கும். நீலமும் ஊதாவுமான பல பூக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் அதன் விளிம்பிலுள்ள அடர்சிவப்பையும் ஏராளமாகத் திருப்பி அனுப்புகின்றன. ஃபிலிம் காலத்தில் நீலப்பூவைப் படம் எடுத்தால் இளஞ்சிவப்பாக விழும். அஜரேட்டம் என்ற நீலப்பூச் செடியின் பெயரால் 'அஜரேட்டம் விளைவு' என்றே அதைச் சொன்னார்கள். இப்போதைய கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது; ஆனால் அந்தத் தடுப்பு எல்லாக் கேமராவிலும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஒரே செடிக்கு முன் நின்று இரண்டு போனில் எடுத்த இரண்டு குறிஞ்சி வேறு வேறு நிறத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்குக் குறிஞ்சியே ஒரு நிறத்தில் நிற்பதில்லை. விரியும்போது வெளிர்நீலமாக இருந்து, நாள் ஆக ஆக ஊதா ஏறும். மூடுபனியில் எடுத்திருந்தால் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இன்னும் கொஞ்சம் நிறத்தைப் புரட்டியிருக்கும்.

ஆகவே, கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் செய்திருக்க வேண்டும்: படத்தைத் தன் இயந்திரத்துக்குரிய நிறக்கோப்போடு திறந்து, நிறம் எங்கே போகும் என்று அச்சிடும் முன்பே பார்த்திருக்கலாம். ஊர்ப்பக்கக் கடைகளில் பெரும்பாலும் யாரும் இதைச் செய்வதில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூவின் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி, இரண்டு செண்டிமீட்டர் கட்டங்களாக அடுக்கிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் உள்ளது உள்ளபடி. அடுத்தடுத்த கட்டங்களில் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள். கீழ்வரிசையில் அதையே இன்னும் வெளிச்சமாக வையுங்கள். இந்த மொத்தக் கட்டத்தையும் ஒரே தகட்டில் அச்சிடச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து முடிவு செய்யக் கூடாது. எந்தக் கட்டம் மனதிலிருக்கும் குறிஞ்சிக்கு அருகில் வருகிறதோ, அந்தத் திருத்தத்தை எழுதி வைத்துக்கொண்டால் அந்தக் கடைக்கு, அந்த மைக்கு அது எப்போதும் பொருந்தும். மங்குகிறதே என்று நிறச்செறிவைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அது நிலைமையை மோசமாக்கும். ஏற்கெனவே எட்டாத நிறத்தை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோவதால் இதழ் முழுக்க ஒரே அப்பலாக விழுந்து, நரம்பும் நிழலும் காணாமல் போகும்.

அடுத்தது எந்த முறையில் அச்சிடுகிறார்கள் என்பது. கடையில் போய் "கவர் பிரிண்ட் போடுவீங்களா" என்று கேட்காமல் "சப்ளிமேஷனா, யூவியா" என்று கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு சங்கதி.

சப்ளிமேஷனில் படத்தை முதலில் ஒரு தாளில் கண்ணாடி பிம்பமாக அச்சிடுவார்கள். தாளில் பார்த்தால் சோகையாக இருக்கும், பயப்பட வேண்டாம். அதைப் பொருளின் மேல் வைத்து 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அழுத்தினால், சாயம் திரவமாகாமலே நேரே ஆவியாகி மேலுள்ள பாலியெஸ்டர் பூச்சுக்குள் இறங்கிவிடும். அப்போதுதான் நிறம் மலரும். சாயம் பூச்சுக்குள் இருப்பதால் நகம் பட்டாலும் உரியாது. சூடு போதாவிட்டால் படம் வெளிறும். அதிகமானால் கறுப்பு பழுப்பாகி, ஓரங்கள் கசியும். இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் தெரிவது அடியிலுள்ள கவரின் வெள்ளைதான். தும்பைப்பூ போல வெள்ளை என்று வேட்டிக்குச் சொல்வோம். அந்தத் தும்பையையே சப்ளிமேஷனில் போட்டால், மலிவான வெற்றுக் கவரின் மஞ்சளோடிய வெள்ளையில் பூ அழுக்காகத் தெரியும். வெள்ளைப்பூவுக்கு வெற்றுக் கவரைக் கையில் வாங்கி, ஒரு ஏ4 தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை கொடுக்க வேண்டும்.

சப்ளிமேஷனிலேயே இரண்டு வகை இருக்கிறது. பிளாஸ்டிக் கவரின் முதுகில் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டி, அந்தத் தகட்டில் மட்டும் படம் வருவது ஒன்று. ஊரில் அதிகம் கிடைப்பது இதுதான். கடினமான பாலிகார்பனேட் கவரை வெற்றிட அழுத்தத்தில் வைத்துப் பக்கவாட்டு விளிம்பு வரை படம் சுற்றி வரச் செய்வது இன்னொன்று. தகடு வைத்த கவரில் ஒரு வில்லங்கம். உங்கள் வாடிக்கையாளர் ஒயர்லெஸ் சார்ஜர் வைத்திருந்தால், சார்ஜருக்கும் போனுக்கும் நடுவில் உலோகத் தகடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. சார்ஜரின் காந்தப்புலம் தகட்டிலேயே மின்னோட்டத்தைச் சுழலவிட்டு அதைச் சூடாக்கும். போனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. விற்கும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

யூவி முறையில் மை பொருளின் மேலேயே நேராக விழுந்து, புறஊதா விளக்கின் வெளிச்சம் பட்டவுடன் இறுகுகிறது. சூடு தேவையில்லை. வெள்ளை மையும் உண்டு. ஆகவே கறுப்புக் கவர், நிறமில்லாத கவர், உலோகம், மரம் எதிலும் போடலாம். ஆனால் மை மேல்பரப்பில் ஒரு தோல்போல நிற்பதால் உராய்வுக்கும், கை கழுவும் சானிடைசருக்கும் சளைக்கும். நாம் சிலிக்கான் கவர் என்று கூப்பிடும் வளையும் கவர்களில் பெரும்பாலானவை உண்மையில் டிபியூ என்ற பிளாஸ்டிக். போனில் மாட்டிக் கழற்ற அதை வளைக்க வேண்டும். வளைக்கும் இடத்தில் கடினமான மை வெடிக்கும். கடைக்காரர் முன்பூச்சு போடுகிறாரா, வளையும் மை வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். நிறமில்லாத டிபியூ கவர் வெயிலிலும் கைச்சூட்டிலும் நாளடைவில் மஞ்சளாகும் என்பது கவர் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். அந்த மஞ்சள், படத்தின் நீலத்தையும் ஊதாவையும்தான் முதலில் கெடுக்கும். குறிஞ்சிக்கு அது ஆகவே ஆகாது.

எனக்குப் பிடித்தது கண்ணாடி முதுகுக் கவர். கண்ணாடியின் உட்புறத்தில் படத்தைத் திருப்பி அச்சிட்டு, அதன் பின்னால் வெள்ளை அடித்துவிடுகிறார்கள். கை படுவது கண்ணாடியில்; மையை எதுவும் தொடாது. நிறத்துக்கு ஆழமும் கிடைக்கும். கீழே விழுந்தால் உடையும், அது வேறு.

வெள்ளை மை இருப்பதால் யூவியில் ஒரு வித்தை செய்யலாம். நிறமில்லாத கவரில் பூவை மட்டும் வெட்டியெடுத்து அதன் அடியில் மட்டும் வெள்ளை கொடுத்துவிட்டுப் பின்னணியை அச்சிடாமல் விடுங்கள். போனின் நிறமே பின்னணி ஆகிவிடும். ஆனால் வெள்ளை கொடுக்க மறந்தால், கறுப்பு போனில் கவரைப் போட்டதும் பூ மறைந்து போகும். விளிம்பு தெளிவாக இருக்கும் எருக்கு, நெருஞ்சி போன்ற பூக்களை இப்படி வெட்டுவது சுலபம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவின் பஞ்சுத் தலையை வெட்ட உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

இனி படத்தின் அளவு. "எத்தனை மெகாபிக்சல் வேண்டும்" என்று பலர் கவலைப்படுகிறார்கள், தேவையே இல்லை. ஒரு சராசரி போனின் முதுகு சுமார் 16 செ.மீ. உயரம், 7.5 செ.மீ. அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 1,900-க்கு 900 பிக்சல் போதும். அதாவது இரண்டு மெகாபிக்சல்கூட வரவில்லை. 12 மெகாபிக்சல் போன் படம் 4,000-க்கு 3,000. தாராளம். தொல்லை வருவது படத்தை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பும்போது. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அதிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் அச்சில் பிசிறு தெரியும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள்.

அளவைவிட வடிவம்தான் உண்மையான சிக்கல். போன் கேமராவின் படம் நாலுக்கு மூன்று. கவரோ கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. நெடுக்குவாக்கில் எடுத்த படத்திலேயே அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். குறுக்குவாக்கில் எடுத்ததை நினைத்தே பார்க்காதீர்கள். அதோடு, இப்போது வரும் போன்களில் கேமராவுக்கான துளை மேல் இடது மூலையில், சிலவற்றில் மேல்பாதியின் அகலம் முழுவதும், இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விளிம்பில் மூன்று மில்லிமீட்டராவது படம் வழிந்து போக விட வேண்டும். இதையெல்லாம் கழித்தால் உங்கள் பூ உட்கார மிஞ்சுவது கீழ் மூன்றில் இரண்டு பங்கு. அதிலும் வலப்பக்கம் சாய்ந்த இடம். போனைக் கையில் பிடிக்கும்போது விரல்கள் நடுப்பகுதியை மறைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டப் பூவை நட்டநடுவில் வைத்து எடுத்த அருமையான படம் கவரில் சொதப்புவது இதனால்தான். கவருக்கென்று தனியாக ஒரு படம் எடுங்கள். செடிக்கு முன்னால் நிற்கும்போதே, வழக்கமான படத்தை எடுத்து முடித்ததும், போனை நெடுக்காகப் பிடித்து, பூவைக் கீழே இறக்கி, மேலே தண்டோ வானமோ வெறும் பச்சையோ இருக்கும்படி இன்னொன்று எடுத்து வையுங்கள். அந்த வெறும் இடத்தில்தான் கேமராத் துளை விழும். சொல்லப்போனால், நல்ல கவர் படத்தில் பாதி வெற்றிடம்.

போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று அது பூவின் கேசரங்களையும் சேர்த்து மங்கலாக்கும். காந்தளை அப்படி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: இதழ் கூர்மையாக இருக்கும், பக்கவாட்டில் நீண்டிருக்கும் மகரந்தக் காம்புகள் பாதியிலேயே கரைந்து போயிருக்கும். பின்னணி தானாக மங்க வேண்டுமென்றால் பூவுக்கும் பின்னாலிருக்கும் புதருக்கும் இடைவெளி இருக்கும் செடியாகத் தேடுங்கள். அவ்வளவுதான் ரகசியம். காலை வெயில் ஏறுமுன், காற்று எழுமுன் முடித்துவிட வேண்டும். வெயில் வந்துவிட்டால் ஒரு வெள்ளைத் துண்டை மேலே விரித்துப் பிடித்தால் போதும். காற்றுக்குத் துணிக் கிளிப் ஒன்றைக் குச்சியில் கட்டித் தண்டைப் பிடிக்கலாம். குடையைச் சாய்த்து வைத்தும் மறைக்கலாம்.

திரையைவிட அச்சு எப்போதும் இருட்டாகத்தான் வரும். திரை தானே ஒளிவிடுகிறது, கவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நடுத்தர வெளிச்சத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுங்கள். குறிப்பாகப் பின்னாலுள்ள கரும்பச்சை. அதை அப்படியே விட்டால் கவரில் கறுப்புத் திட்டாகிவிடும்.

எந்தப் பூ என்ற கேள்விக்கு வருகிறேன். குறிஞ்சியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன்; அதன் பெயரே விற்கும். 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை மூணாறு, கொடைக்கானல் மலைகளில் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் கூட்டமாக மலைச்சரிவையே மூடிப் பூப்பதுதான் குறிஞ்சியின் அழகு. அந்தச் சரிவை ஏழு செண்டிமீட்டர் அகலத்துக்குள் சுருக்கினால் ஊதாப் புகைதான் மிஞ்சும். ஒற்றைக் கொத்தை நெருங்கி எடுத்தால் மட்டுமே கவருக்கு ஆகும்.

என் கணிப்பில் கவருக்கென்றே வடிவமைத்தது போன்ற பூ காந்தள். கொடியாக மேலே ஏறுவது; படமே நெடுக்காக அமைந்துவிடும். ஆறு இதழும் பின்னோக்கி வளைந்து தீ நாக்குபோல நெளிந்து நிற்கும். மொட்டு பச்சை, விரிந்ததும் அடி மஞ்சள் நுனி சிவப்பு, முதிர்ந்தால் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிலையும் கிடைக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதால் வாங்குகிறவருக்குப் பெயரும் தெரியும். மழைக்காலத்தில் வேலியோரங்களிலேயே காணலாம். விதைக்காகப் பயிரிடும் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்குத் (காந்தளின் இன்னொரு பெயர்) தோட்டங்களில் பந்தலிலேயே படர்ந்திருக்கும். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. தொட்டால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். எடுக்கும்போது ஒரு கவனம்: வெளிச்சத்தை வழக்கத்தைவிட ஒரு படியோ அரைப் படியோ குறைத்து எடுங்கள். சிவப்பும் மஞ்சளும் கேமராவில் சட்டென்று நிரம்பி வழிந்துவிடும். அப்புறம் இதழின் நெளிவுகள் தெரியாது, சிவப்பு வில்லை ஒட்டியதுபோல் இருக்கும். ஆவாரம்பூவுக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று. காந்தள் கவரை இலங்கைக்கு அனுப்பி விற்கும் யோசனை இருந்தால் நிதானியுங்கள். அங்கே இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். விடுதலைப் புலிகள் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தது, மாவீரர் நாளோடு சேர்ந்தது. கவரைக் கையில் வைத்திருப்பவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம். வாங்குகிறவர் தெரிந்து கேட்டால் அது அவர் விருப்பம். நீங்களாகச் சரக்கோடு சேர்த்து அனுப்பாதீர்கள்.

எருக்குக்கு நான் தனி ஆதரவாளன். வருடம் பூராவும் பூக்கும், நெஞ்சு உயரத்தில் நிற்கும், காற்றில் அதிகம் ஆடாது. மெழுகில் வார்த்ததுபோன்ற ஐந்து இதழ், நடுவில் ஐந்து பட்டையாக எழும் கிரீடம். அந்தக் கிரீடத்தின் பக்கவாட்டு வளைவில் விழும் நிழல் அச்சில் அப்படியே எழும்பி வரும். விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஊதா என்றாலும் வெளிறிய ஊதா என்பதால் மைக்கு எட்டிவிடுகிறது; குறிஞ்சி கொடுக்கும் தலைவலியை இது கொடுப்பதில்லை. கொஞ்சம் காத்திருந்தால் பெரிய கருவண்டு ஒன்று வந்து உட்காரும். எருக்குக்கு மகரந்தம் சுமப்பதே அதுதான். ஆனால் "வீட்டில் எருக்கு முளைக்க" என்று சபிக்கிற ஊர் இது. பிள்ளையாருக்கு மாலை போடுகிற அதே கையால் எருக்குப் போட்ட கவரை "வேண்டாங்க" என்று தள்ளுவார்கள். ஊமத்தைக்கும் அதே கதி. இளவட்டங்கள் கண்டுகொள்வதில்லை, கல்யாணப் பரிசாகக் கொடுக்க மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பாப் சாக்கெட் சுமார் நாலு செண்டிமீட்டர் வட்டம். அதற்கு நேர் மேலிருந்து எடுத்த, எல்லாப் பக்கமும் ஒத்திருக்கும் பூ வேண்டும். நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, தாத்தாப்பூ. தரையோடு தரையாகக் கிடக்கிற பூக்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். விஷ்ணுகிராந்தி சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. அது வட்டத்தை நிறைத்து வரும்போது, தினம் மிதித்துப் போகிற பூ என்று பலருக்கு அடையாளமே தெரிவதில்லை. காட்டுப்பூவைப் பொருளில் அச்சிடுவதில் எனக்குள்ள சந்தோஷம் முக்கால்வாசி அதுதான். தாத்தாப்பூ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அப்படியே, காட்டையும் குளத்தையும் அடைத்துக்கொண்டிருப்பவை. படத்துக்கு அழகுதான், அச்சிடுங்கள். அட்டையில் மட்டும் "நம் மண்ணின் பூ" என்று போட்டுவிடாதீர்கள், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இப்போது ஏஐ வரைந்த பூக்களையும் காட்டுப்பூ என்று கவரில் போட்டு விற்கிறார்கள். இதழை எண்ணினால் போதும், அந்த எருக்குக்கு ஐந்துக்குப் பதில் ஆறு இருக்கும்.

பவர் பேங்க் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். அதைச் சப்ளிமேஷனுக்கு, அதாவது சூடான அழுத்தத்துக்கு, யார் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. 180 டிகிரியில் வைத்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். யூவியில் நேராக அச்சிடுங்கள். இல்லையென்றால் யூவி டிடிஎஃப் என்ற ஒட்டுப்படத்தில் அச்சிட்டுக் கையால் ஒட்டுங்கள். தட்டையான முகமாக இருந்தால் நேர் அச்சு. முனைகள் உருண்டிருந்தால் ஒட்டுப்படம். சார்ஜ் துளைகளையும் விளக்குகளையும் மூடக் கூடாது என்பது சொல்லாமலே தெரியும். சொல்ல வேண்டியது, பின்புறத்திலுள்ள எழுத்துகளை மூடக் கூடாது என்பது. கொள்ளளவும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் அங்கேதான் இருக்கின்றன. விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக முடியும்; 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 10,000 எம்ஏஹெச் என்றால் சுமார் 37 வாட்-அவர், 20,000 என்றால் 74. அளவு தெரியாவிட்டால் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் காந்தள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே செல்லாது. பூவை முன்பக்கம் மட்டும் போடுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பவர் பேங்க்கில் உங்கள் படத்தைப் போடவும் வேண்டாம். நாளை அது உப்பினால் வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார்.

உரிமை விஷயம் சுருக்கமாக. நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. இந்தியச் சட்டப்படி எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை இருக்கிறது. யாரேனும் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லி எடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை அவருக்குப் போய்விடும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பூப்படங்களில் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் வணிகத்துக்கு அனுமதியில்லாத உரிமத்தில் இருக்கும். விக்கிமீடியாவில் இருப்பவற்றை வணிகத்துக்கும் எடுக்கலாம், பெயர் போட வேண்டும். ஒவ்வொரு படத்தின் உரிமத்தையும் படித்துவிட்டு எடுங்கள்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நல்ல படம் கிடைத்தது என்பது வனக்காவலரிடம் எடுபடாது. குறிஞ்சியைப் படம் எடுக்கலாம், பறிக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியலில் அது இருக்கிறது. படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிருங்கள். காட்டு ஆர்க்கிட்களைப் பிடுங்கி விற்கிறவர்களுக்கு அதைவிட வசதியான வழிகாட்டி கிடைக்காது.

கடைசியாக விற்பனை. பேக் கவரில் தொடங்காதீர்கள் என்பேன். போன் மாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு மாடலுக்கு வாங்கி வைத்த வெற்றுக் கவர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆறு மாதத்தில் பெட்டி நிறையத் தேங்கும். சென்னை ரிச்சி தெருவில் மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவித்தால் மாட்டிக்கொள்வீர்கள். மாடலைக் கேட்டு, பணம் வாங்கிய பிறகு, ஒவ்வொன்றாக யூவியில் போட்டுக் கொடுப்பதென்றால் சரி. கையிருப்பு வைத்து விற்க, எந்தப் போனுக்கும் ஆகிற பொருள்களே மேல்: பாப் சாக்கெட், கழுத்தில் மாட்டும் போன் வார், போன் வைக்கும் சின்னப் பை, திரை துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி. இதில் யாரும் கண்டுகொள்ளாதது அந்தத் துணி. அதன் பெரும்பகுதி பாலியெஸ்டர் என்பதால் சப்ளிமேஷன் சாயம் நன்றாக இறங்குகிறது; பூச்சு தேவையில்லை, கேமராத் துளை இல்லை, மாடல் இல்லை, தபாலில் உறையில் போட்டு அனுப்பலாம். குறுக்குவாக்கில் எடுத்து, கவருக்கு ஆகாது என்று ஒதுக்கிய படங்களும் அதில் போகும். 2018-இல் எடுத்ததில் மலைச்சரிவு முழுக்கப் பூத்த அகலப் படம் ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும். மேலே சொன்ன நிறக்கட்டத்தை அந்தத் துணியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அதையே முதலில் அச்சுக்குக் கொடுங்கள்.